யாருக்குப் போன தண்ணீர்

ஊறிய கறுப்பு எள்ளின் வாசனை எங்கிருந்தாவது வந்தால் போதும், எனக்கு மறுபடி தலை குழம்பிவிடும். ஆடி அமாவாசை, அய்யங்குளத்துப் படிக்கட்டு, என் பக்கத்தில் ஈரப் புடவையோடு ஓர் இத்தாலியப் பெண்மணி.

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் பதினோரு வருடம் குடியிருந்தவர். தமிழ் நன்றாகவே பேசுவார். எழுநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கவிஞரின் வம்சம், தான்தான் அதில் கடைசி என்று வந்த புதிதிலேயே சொல்லியிருந்தார். அந்தக் கவிஞரை ஊரைவிட்டுத் துரத்தியிருக்கிறார்கள். மகன்கள் வளர்ந்ததும் அப்பாவின் தண்டனை அவர்கள் தலையிலும் விழுந்தது. பிறகு ஆண்வழி அற்றுப்போக, அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியவன் தன் பெயரோடு அவர்கள் குடும்பப் பெயரையும் ஒட்டிக்கொண்டான். அந்தப் பெண்ணின் வழியில் வந்தவர் இவர்.

ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவானதும் என்னிடம் வந்தார். “அவருக்கு யாரும் தண்ணி விட்டதில்ல சார். எனக்கப்புறம் ஆளில்ல. போறதுக்குள்ள விட்டுடணும்.”

குளத்துப் படிக்கட்டில் புரோகிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பேரு சொல்லுங்கம்மா.”

அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சொன்னார். மூன்றாவதாகக் கவிஞரின் பெயரைச் சொல்லி, எழுநூறு வருடம் என்றார்.

“நடுவுல இருக்கறவங்கல்லாம் என்னம்மா பாவம் பண்ணாங்க? அவங்களுக்குத் தாகம் எடுக்காதா?” பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “சரி, ஆம்பள வழியா, பொண்ணு வழியா?”

“பொண்ணு வழி.”

“அப்ப கோத்திரம் மாறிடுச்சே! கோத்திரம் சொல்லாம தண்ணி விட்டா எங்க போய்ச் சேரும்? சட்டுனு சொல்லுங்க, ஜாஸ்தி பேர் நிக்கறாங்க.”

கையில் தர்ப்பையோடு அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். தெரியாதவர்களுக்குச் சிவகோத்திரம் என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கும் அது தெரியும். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது எங்கள் வீட்டுக் கோத்திரம். மந்திரம் ஓடியது. எள்ளும் தண்ணீரும் அவர் கட்டைவிரலோரம் இறங்கின. “போய்ச் சேந்துடுச்சு” என்று குளத்தைப் பார்த்து அழுதார்.

எங்கே போய்ச் சேர்ந்தது? கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை வியாபாரம் பார்த்த, ஒரு வரி படிக்காத என் தாத்தா குடித்துவிட்டாரா? இல்லை, சொந்த ஊர் சேர்க்காத அந்தக் கவிஞர் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாரா? சொன்னால் அந்த அம்மாவின் நிம்மதி போகும், சொல்லாவிட்டால் என்னுடையது. மனைவியிடம் கேட்டேன்.

“எழுநூறு வருஷமா தாகத்தோட இருந்தவரு விலாசமா பாப்பாரு? போய்ச் சொல்லிடுங்க. சும்மா குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தாதீங்க.”

கார் வாசலில் வந்து நின்ற பிறகுதான் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்தார்.

“அப்ப அவரு இப்ப எங்க இருக்காரு?”

“தெரியலைங்க.”

“ஒரே கோத்திரம்னா, நான் உங்களுக்கு என்ன வேணும்?”

“பங்காளிங்க.”

பையை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். சிரிப்பா, கோபமா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார்.

“பங்காளின்னா அவரு உங்களுக்கும் தாத்தாதான். வருஷா வருஷம் நீங்க விடுங்க சார்.”

“பேரை ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்துட்டுப் போங்க,” என்றேன். “வாயில நுழைய மாட்டேங்குது.”