மாமனார் பூட்டிய பேசின்

மாமனார் மௌத்தாகி, அடக்கம் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மாமி இத்தா இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வீட்டை விட்டு வெளியே போகவும் மாட்டார், அந்நிய ஆண்கள் முன் வரவும் மாட்டார். கடலோரத் தாராபுரத்தில் எங்கள் வீட்டுக் குளிப்பறைத் தரையோ பாசி பிடித்துப் போயிருந்தது. தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யப் போன மாமி இரண்டு தரம் வழுக்கி விழுந்துவிட்டார். இன்னொரு தரம் விழுந்து இடுப்பு உடைந்தால் என்ன செய்வேன் என்ற நினைப்பு எனக்குத் தொழுகையிலும் வந்து நின்றது.

தரைக்குப் பதிக்க ஓடு வாங்கி வீட்டு வளவில் அடுக்கிவிட்டேன். பேசாலையிலிருந்து ஒரு மேசன் வந்து சொன்னார்:

"நாளைக்கு ஒரு நாள்தான் வருவன். மற்ற நாள் குடும்பத்தோட மடுக் கோயிலுக்கு வண்டி கட்டுறன். நான் வரேக்கை அந்தக் கைகழுவுற பேசின் சுவரில இருக்கப்படாது, அதுக்குக் கீழ ஓடு பதிக்கேலாது. இத்தா வீட்டுக்குள்ள நாலு நாள் நிண்டு தட்டேலாதுதானே?"

"நான் கருவாட்டு யாவாரி. எனக்கு இதெல்லாம் தெரியாது."

"அல்லா வழி விடுவான் எண்டு எல்லாருக்கும் சொல்லுவீங்களே. உங்களுக்கும் விடட்டும்!"

அது சாதாரணப் பேசின் அல்ல. அரசாங்க ஏசெண்டுத் துரையின் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டபோது மாமனார் எடுத்து, வைக்கோலில் பொதிந்து வண்டியில் கொண்டுவந்தது. ஒளுச் செய்யும்போது காலைத் தூக்கி வைத்துக் கழுவ வசதியாக, தன் கையாலேயே சுவரில் தாழ்வாகப் பொருத்திப் பூட்டியிருந்தார்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு ஸ்பனரோடு குளிப்பறைக்குள் போனேன். எனக்குக் கலியாணமாகி எட்டு வருடம். மாமி என்னோடு நேரே பேசுவதில்லை. எதுவானாலும் மகளிடம்தான் சொல்வார். அன்றும் அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"புள்ள, அவரிட்டச் சொல்லு. வாப்பாட பேசினில ஒரு கீறல்கூட விழப்படாது."

"கீறல்கூட விழப்படாதாம்," என்றாள் மனைவி.

"எனக்கும் காது இருக்கு."

பேசினைப் பிடித்திருந்த மரை உப்புக்காற்றில் இறுகிப்போயிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டேன். பிஸ்மி சொல்லித் திருப்பினேன். அசையவில்லை. சுத்தியலால் தட்டினேன்.

"புள்ள, என்ன சத்தம்?"

"உங்கட மருமகன் சுவரோட சண்டை பிடிக்கிறார் உம்மா."

எழும்பி நின்றேன், குந்தினேன், கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கடைசியில் மரை இளகியது. அந்த நேரம் பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கும் சொன்னார்கள். அவசரப்பட்டு பேசினை முன்னால் இழுத்தேன். பின்விளிம்பிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டு தரையில் விழுந்து சிதறியது. விளிம்பில் பாக்களவு இடம் காலியாக இருந்தது.

"போச்சு," என்றாள் மனைவி, மெல்லமாக.

அந்தப் பக்கம் சுவரோடு இருப்பது. மேசனிடம் சொல்லிச் சுண்ணாம்பு அப்பினால் மாமிக்குத் தெரியவே தெரியாது. அப்படியும் ஒரு நினைப்பு வந்தது. ஆனால் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படி அஸருக்குப் போய் நிற்பது? அறைவாசலுக்குப் போனேன்.

"மாமி, பேசின் உடைஞ்சு போச்சு. என்னிலதான் பிழை."

பிறகு வெள்ளை முக்காட்டை இழுத்துக்கொண்டு மாமி வெளியே வந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளிப்பறைக்கு நடந்தார். விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். உடைந்த இடம் பழுத்து மஞ்சளாகியிருந்தது. அப்போதுதான் நானும் அதைக் கவனித்தேன்.

"இது நீங்க உடைச்சதில்லை மகன்," என்றார், என் முகத்தைப் பார்த்தே. "பூட்டின அண்டைக்கே அவர் உடைச்சிட்டார். எனக்குத் தெரியாம இருக்கட்டுமெண்டு சுண்ணாம்பு அப்பினார். இப்ப விழுந்தது அதுதான். நான் கதவுக்குப் பின்னால பார்த்துக்கொண்டுதான் நிண்டனான்."

"ஒரு நாளும் கேக்கேல்லையோ?" என்றேன்.

"கேட்டா மனுசன் வெக்கப்படுவார்."

இத்தா தொடங்கியபின் மாமி சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நான் ஒரு பக்கம் தூக்க, மனைவி மறுபக்கம் பிடிக்க, பேசினைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சாக்கில் வைத்தோம். பள்ளிக்குப் போக நான் சால்வையைத் தேடும்போது மாமி என்னையே கூப்பிட்டார்.

"மகன், மேசனிட்டச் சொல்லுங்கோ. முந்தி இருந்த அதே தாழ்வில பூட்டட்டும். அந்த இடத்தையும் சுண்ணாம்பால மூடட்டும். அவர் மூடினதை நாங்க ஏன் திறந்து வைக்கவேணும்?"

"ஓம் மாமி."

கையில் ஒட்டிய சுண்ணாம்பைக் கிணற்றடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவி ஒளுச் செய்துகொண்டு ஓடினேன். பள்ளியில் தொழுகையின் முதல் ரக்அத் முடிந்துபோயிருந்தது.