அம்மன் எலுமிச்சையும் மடக்குக் கத்தியும்

இன்று செவ்வாய்க்கிழமை. துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போட, பையில் பழங்களோடு ஈப்போ கோயிலுக்குப் போனேன். காரோட்டி வந்த என் வீட்டுக்காரர் எப்போதும் வெளியிலேயே நிற்பார், கோயிலுக்குள் வரமாட்டார்.

வழியில் தூண்டில் கடை. அங்கே ஒரு மடக்குக் கத்தியைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. நல்ல கனம். விலை முந்நூற்றெண்பது வெள்ளி!

"மீன் வெட்ட வீட்ல எட்டு வெள்ளிக் கத்தி இருக்குலா," என்றேன்.

"அதெல்லாம் கத்தியா? இதப் பாரு."

என் பையிலிருந்து ஒரு எலுமிச்சையை எடுத்து ஒரே வெட்டு. விதைகூடச் சிதறவில்லை.

"ஐயோ, அம்மன் பழம்ங்க! இனி இந்தக் கத்தி மீன் பக்கமே போகக்கூடாது."

கடைக்கார அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இவருக்கு முகம் வாடிவிட்டது. கத்தியை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

"சரிலா. மீனுக்குப் பழசே போதும். இதுல வாரா வாரம் உன் எலுமிச்சைய நானே வெட்டித் தரேன்."

"கோயிலுக்குள்ள வந்தா?"

"வந்துதான்."

அடுத்த நிமிஷமே பணத்தைக் கட்டிவிட்டேன். வீட்டுக் கணக்கில் கத்தி என்று எழுதவில்லை, கோயில் செலவு என்றுதான் எழுதினேன்.

அக்கா தங்கச்சிங்களே, உங்க வீட்டுக்காரரைக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போக உங்களுக்கு எவ்வளவு ஆச்சு?