சாய்மானம் வைத்த வண்டி

எங்கள் வண்டி நின்றுபோன சமயத்தில் என் மனைவியின் இடது கை பாதிதான் திறந்திருந்தது. பக்கவாதம் வந்து விழுந்தவளுக்கு முதலில் கால் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்துக் குளியலறை வரைக்கும் போய்விடுவாள். கைதான் மூடிக்கொண்டு கிடந்தது. பிசியோதெரபி செய்யும் பெண் ஒவ்வொரு விரலாகப் பிரித்து, நீவி, கரண்டு வைத்து, கடைசியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லுவாள். "இந்த மாசங்கதானுங்கண்ணா முக்கியம். இப்ப விட்டுட்டா விரல் இறுகிக்கும். அப்புறம் நான் இழுத்தாலும் வராதுங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள்.

நாங்கள் இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் இருந்தவர்கள். நான் கட்டிங் மாஸ்டர், மடத்துக்குளத்துக்காரன். அவள் ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கும் டெய்லர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். தையலில் வலது கை பெயருக்குத்தான், துணியை வளைத்துக் கொடுப்பதெல்லாம் இடது கை என்பாள். படுக்கையில் கிடந்தபடி ஒருநாள் கேட்டாள்: "இந்தக் கை வராட்டி என்னைய எதுக்கு வச்சிருக்கிய? மூலையில சாத்தவா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். அதுதான் முடியாது. விழுந்த அன்று ஆம்புலன்ஸில் ஏற்றிக் கதவைச் சாத்தியபோது அவளுக்கு நினைவு இருந்தது, பேச்சு இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். அதிலிருந்து தலைக்கு மேல் கூரை உள்ள எந்த வண்டியில் ஏற்றினாலும் அவளுக்கு மூச்சு முட்டும். ஒருமுறை ஆட்டோவில் ஏற்றிப் பார்த்தோம். பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள், ஓடுகிற ஆட்டோவிலிருந்து ஒற்றைக் காலால் இறங்கப் பார்த்தாள். சிகிச்சை தரும் பெண்ணால் கரண்டு வைக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர முடியாது. திருப்பூர் ரோட்டில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று சொல்பவர் திருப்பூர் ரோட்டைப் பார்க்காதவர். ஆக, எங்களுக்கு இருந்தது அந்த ஒரு மோட்டார் சைக்கிள்தான்.

அது க்ரூஸர் ரகம். எஞ்சின் சின்னது, தோரணை பெரிது. தாழ்ந்த சீட்டு, அகலமான ஹேண்டில்பார், காலை முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளலாம், பின்சீட்டுக்கு முதுகு வைக்க ஒரு சாய்மானம். அவளுக்கு உடம்பு நன்றாக இருந்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. கம்பெனிக்கு ஓட்டிக்கொண்டு வந்த அன்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"மாஸ்டர் கட்டிலுக்குச் சக்கரம் மாட்டீட்டாருங்கோ."

"வண்டி ஓட்டறாரா, சவரம் பண்ணிக்க உக்காந்திருக்காரான்னே தெரியலைங்க."

எங்கள் முதலாளி வெளியே வந்து சுற்றிப் பார்த்தார். "ஏனுங்க மாஸ்டர், இங்கிலீஷ் படத்துல வர்ற பெரிய வண்டிக்கு இது தம்பிங்களா?"

"தம்பி இல்லீங்க, அவிய ஊட்டு வாட்ச்மேனுங்க" என்றான் பேக்கிங்கில் இருந்தவன்.

எனக்கு இப்படிப்பட்ட பேச்சுகள் என்றால் உயிர். யார் என்ன சொன்னாலும் மனதில் எடுத்து வைத்துக்கொள்வேன். ஆனால் அந்த வண்டியின் சுகம் எனக்கல்லவா தெரியும். நான் குள்ளம். மற்ற வண்டிகளில் சிக்னலில் நின்றால் ஒரு காலின் நுனி விரல்தான் தரையைத் தொடும். இதில் இரண்டு பாதமும் பதிந்து நிற்கும். பெட்ரோல் குடிப்பது கொஞ்சம், உட்கார்ந்திருப்பது மட்டும் ஜமீன்தார் மாதிரி. சம்பளக்காரனுக்கு அந்த மாதிரி உட்காரும் இடம் வேறெங்கே கிடைக்கிறது?

அவளுக்கு உடம்புக்கு வந்த பிறகு அதே தாழ்வு எங்களைக் காப்பாற்றியது. வாசற்படியை ஒட்டி வண்டியை நிறுத்திச் சாய்த்தால், அவள் காலை அதிகம் தூக்காமலேயே உட்கார்ந்துவிடுவாள். சேலையில் ஒருபக்கமாக உட்கார முடியாது என்பதால் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் பேன்ட் ஒன்றை மாட்டிவிட்டேன். தொடை நெடுக ஏதோ வெளிநாட்டுக் காலேஜ் பெயர் எழுதியிருக்கும். "இந்த வயசுல என்னையக் காலேஜுல சேத்துட்டிய" என்பாள். பிறகு பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியில் நீளமாக ஒரு பட்டை வெட்டி, அவள் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டுவேன். மெத்தென்று இருக்கும், உடம்பை அறுக்காது. தெருவில் இருப்பவர்கள், "மாஸ்டர் பார்சல் கட்டியாச்சு, வழி உடுங்க" என்பார்கள். அவளும் சிரிப்பாள். வாரத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்தப் பயணங்களில்தான்.

அந்த வண்டிதான் ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது புகையைக் கக்கி நின்றது.

மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "பிஸ்டன் போச்சுங்க. சிலிண்டர்ல கோடு உழுந்திருச்சு. மாத்தலாமுங்க, ஆனா சாமான் இல்லீங்க. இந்த மாடலையே நிறுத்திப்போட்டாங்க." கோயம்புத்தூரில் கேட்டோம், ஈரோட்டில் கேட்டோம், பழைய இரும்புக் கடைகளில் தேடினோம். வேறு வண்டியின் பிஸ்டனைக் கடைந்து போட்டுப் பார்த்தார். தெருமுனை வரைக்கும் ஓடியது. பிறகு மொத்தமாக இறுகிக்கொண்டது.

ஷோரூமுக்குப் போனேன். டை கட்டிய பையன் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தான்.

"அந்த ரகம் இப்ப ஓடறதில்லீங்கண்ணா. ஒண்ணு, பெரிய எஞ்சின் எடுப்பாங்க. இல்லாட்டி ஸ்கூட்டர் எடுப்பாங்க. இந்த நடுவாந்தரம் யாருக்குங்க? பசங்க பறக்கோணும்ங்கறாங்க, பெரியவங்க மூட்டை வெக்க எடம் கேக்கறாங்க."

"சாஞ்சு உக்கார்றவங்க?"

"அவங்கெல்லாம் கார் வாங்கிக்கறாங்கண்ணா."

அவன் பொய் சொல்லவில்லை. அங்கே வரிசையாக நின்ற வண்டிகளின் பின்சீட்டைப் பார்த்தேன். ஓட்டுபவன் தோளுக்கு மேலே, ஒரு குருவி உட்காரும் அளவுக்கு இடம். "பேட்டரியில இந்த மாதிரி வரும்னு பேசிக்கறாங்க, ஆனா எப்பன்னு தெரியாதுங்கண்ணா" என்றான். பேட்டரி வரும் வரைக்கும் என் மனைவியின் விரல்கள் காத்திருக்குமா என்று அந்தப் பையனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண் ஒருத்தி தன் ஸ்கூட்டரைக் கொடுத்தாள். சாய்மானம் இல்லை, அதனால் கட்டைப் பலப்படுத்தினால் போதும் என்று நினைத்தேன். கட்டிங் மாஸ்டர் அல்லவா, அட்டையில் பேட்டர்ன் போட்டேன். தோளில் குறுக்காக இரண்டு பட்டை, இடுப்பில் அகலமாக ஒன்று. மறுபடியும் ரிப் துணி, இந்த முறை இரண்டு மடிப்பு. அவளோடு வேலை பார்த்த டெய்லர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தைத்தார்கள். தைத்து முடித்ததும் ஆளாளுக்கு இழுத்துப் பார்த்தார்கள். "யானையக் கட்டலாமுங்க மாஸ்டர்" என்றார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை பனியன் துணியிலேயே புழங்குகிறவர்கள் நாங்கள். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட ரிப் துணியின் வேலையே நீள்வதுதான் என்று தோன்றவில்லை. எங்களுக்குத் துணி என்றால் அதுதான். நீளாத துணி ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துபோயிருந்தோம்.

இரண்டு பேர் அவளைத் தூக்கி உட்கார வைத்தார்கள். முதல் சிக்னல் வரைக்கும் சரியாகத்தான் போனது. பச்சை விழுந்ததும் முறுக்கினேன். முதுகில் இருந்த பாரம் மெதுவாக விலகுவது தெரிந்தது. கட்டு அறுந்துபோகவில்லை. சவ்வு மிட்டாய் மாதிரி நீண்டுகொண்டே போனது. நான் நிறுத்துவதற்குள் அவள் பின்பக்கமாகச் சரிந்து, இடது பக்கம், வராத அந்தக் கையின் மேலேயே விழுந்தாள். பின்னால் வந்த பஸ் நின்றுவிட்டது. அது நின்றதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எலும்பு உடையவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்திருந்தது. இஸ்திரிக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "ஒங்க துணி நல்ல துணிதாங்க. கீழ வார வரைக்கும் என்னைய விடவே இல்ல."

அதற்கும் அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அதன் பிறகு எந்த வண்டியிலும் அவள் ஏற மறுத்துவிட்டாள். கெஞ்சினேன், கத்தினேன். "மறுபடி அந்தக் கட்டுல என்னையக் கட்டாதிய, விட்டுருங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. வீட்டில் நானே விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். எனக்குப் பக்குவம் தெரியவில்லை, அவளுக்கு வலிதான் மிச்சம். நகம் உள்ளங்கையில் குத்தாமல் இருக்கத் துணியைச் சுருட்டி வைத்தேன். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சின்னதாகச் சுருட்ட வேண்டியிருந்தது. அதைப் போன்ற கொடுமையை நான் கண்டதில்லை. என் கண்ணெதிரே ஒரு கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டிருந்தது, அதை நிறுத்த என் கையில் ஒன்றும் இல்லை.

கணியூரில் ஒரு விவசாயியிடம் அதே மாடல் இருப்பதாகப் பேக்கிங்காரன் சொன்னான். விற்பாரா என்று தெரியாது. காலில் விழுந்தாவது வாங்கிவிடுவது என்று பஸ் ஏறினேன். அவர் தோட்டத்து வழியில் காத்திருந்தபோது அவரே அதில் வந்து இறங்கினார். பின்சீட்டில் ஒரு தவிட்டு மூட்டை, மனுஷன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். மோர் கொடுத்து முழுக்கக் கேட்டார்.

"கேக்கவே சங்கட்டமா இருக்குதுங்க. ஆனா வண்டிய மட்டும் கேக்காதீங்க. என்ற மூட்டு ரெண்டும் போச்சுங்க. காலத் தூக்கிப் போட்டு ஏறுறதுக்கு எனக்கு வேற வண்டி இல்லீங்க. இது போச்சுன்னா நானும் ஊட்டோட உக்காந்துக்கோணும்."

அவர் இல்லை என்று சொன்ன விதத்தில் கோபப்படக்கூட வழியில்லை. வாலிபப் பிள்ளைகள் ராஜா மாதிரி தெரிய வேண்டும் என்று செய்த வண்டி அது. கடைசியில் பிடித்துக்கொண்டு நிற்பது யாரென்றால் மூட்டு போனவர், குள்ளமானவன், கை கால் வராதவள். நிறுத்துவது என்று முடிவெடுத்த இடத்தில் எங்களையெல்லாம் யார் நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

கிளம்பும்போதுதான் அந்த மூட்டையைச் சரியாகப் பார்த்தேன். பெயருக்கு ஒரு சணல் கயிறு சுற்றியிருந்தது, அதுவும் தளர்ந்து தொங்கியது.

"ஏனுங்க, இந்தக் கயிறு தாங்குமுங்களா?"

"கயிறு சும்மாங்க. பின்னால சாஞ்சுக்க எடமிருந்தா மூட்டை எங்கீங்க போகுது?"

திருப்பூர் வரும் வரைக்கும் பஸ்ஸில் அதே யோசனை. இத்தனை மாதமும் என் துணிதான் அவளைப் பிடித்திருக்கிறது என்று நம்பியிருந்தேன். பிடித்திருந்தது சாய்மானம். அது செத்துப்போன எங்கள் வண்டியிலேயே இருந்தது.

கம்பெனியில் சும்மா கிடந்த பழைய ஸ்கூட்டர் ஒன்றை முதலாளியிடம் கேட்டேன். "எடுத்துக்குங்க மாஸ்டர். அது இப்ப எலிக்குத்தான் ஊடு" என்றார். அதை மெக்கானிக்கிடம் கொடுத்து ஓட வைத்து, லேத்துப் பட்டறையில் நிறுத்தி, என் வண்டியின் சாய்மானத்தைக் கம்பியோடு அறுத்து எடுக்கச் சொன்னேன். அறுக்கும்போது பறந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி நின்றுபோன அன்று வராத அழுகை அப்போது வந்தது. ஸ்கூட்டரின் சட்டத்தில் இரும்புப் பட்டை வைத்து அதைப் பற்றவைத்தார்கள். இடுப்பில் கட்ட, பல்லடம் தறியில் நெய்த காடாத் துணி வாங்கினேன். பனியன் துணி மாதிரி நீளாது.

வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் அவள் பார்த்தாள். "நான் ஏற மாட்டேன்."

பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பீகார் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியை ஆட்டினோம். அவன் பின்னால் சாய்ந்து, கைகளை விரித்து, "அக்கா, சோஃபா! நல்லா சோஃபா!" என்றான்.

"அவன் ஒல்லிப்பய, அவன் எங்க விழுவான்? எம் பாரத்துக்கு ஒரு ஆள உக்கார வைங்க."

முக்குக் கடைக்காரரைக் கூட்டி வந்தோம். அவர் உட்கார்ந்ததும் டயர் அமுங்கியது. தெருவே சேர்ந்து ஆட்டியது. "என்னங்க இது, சாமி தேரா?" என்று அவர் கத்தினார். சாய்மானம் அசையவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வலது கையை நீட்டினாள். ஒரு முக்காலியைப் போட்டு ஏற்றினோம்.

வழியெல்லாம் அவள் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் வண்டியைத் தவழ விட்டுத்தான் கிளப்பினேன். பின்னால் ஹாரன் அடித்தவர்கள் அத்தனை பேரும் என்னைத் திட்டினார்கள்.

சிகிச்சை செய்யும் பெண் கையை வாங்கிப் பார்த்தாள். கட்டைவிரலைப் பிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அவள் முகம் மாறியது. "நெறையப் பின்னால போயிருச்சுங்கண்ணா. மொதல்ல இருந்துதான் ஆரம்பிக்கோணும்."

என் மனைவிதான் கேட்டாள்.

"வருமா, வராதா? ஒண்ணச் சொல்லு தாயி."

"தெரியலீங்கக்கா."

"அப்ப இழு" என்றாள்.

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெண் சுண்டுவிரலில் தொடங்கினாள்.