தண்டில்லாத குத்துவிளக்கு

இல்லை, எங்கள் குத்துவிளக்கு திருடு போகவில்லை.

இன்று காலை சிராங்கூன் சாலையில் அண்ணன் பட்டறைக்கு ஒரு ஜப்பானிய அதிகாரி வந்தார். மோட்டார்சைக்கிளின் முன்கண்ணாடி முகத்தில் இடிக்கிறதாம். மாலைக்குள் தள்ளி வைக்காவிட்டால் அண்ணனை, போனவர்கள் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு அனுப்பிவிடுவாராம்.

கண்ணாடிக்கும் அதைத் தாங்கும் கம்பிக்கும் நடுவே கொடுக்க நான்கு கனத்த வளையங்கள் வேண்டும். பட்டறையில் ஆணிகூட மிச்சமில்லை.

மதியம் மரவள்ளிக்கிழங்கு கொண்டுபோனேன். மேசையில் எங்கள் வீட்டு விளக்கின் பித்தளைத் தண்டு வளையம் வளையமாக அறுபட்டுக் கிடந்தது. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பிறகுதான் கேட்டேன்.

“அண்ணே, சாமி விளக்கையா அறுத்தீங்க?”

“சாமியை யாரும் சயாமுக்கு அனுப்பமாட்டாங்க லா.”

மாலையில் அதிகாரி வந்து, வண்டியை ஓட்டிப் பார்த்துச் சிரித்தார். வண்டி மறையும்வரை அண்ணன் குனிந்தே நின்றார். கும்பிட்டது அதிகாரியையா, விளக்கையா? நீங்களே சொல்லுங்கள்.

மிச்ச விளக்கோடு வீட்டுக்கு வந்து, மேல்தட்டை அடித்தட்டின் மீதே வைத்துத் திரியேற்றினேன்.