தொட்டியில் மிச்சம் வைத்த தண்ணீர்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் எங்கள் கொல்லையும் அதிலேயே வீடும். மழை பொய்த்து ஊர்க் கிணறெல்லாம் வற்றிவிட்டது. எங்கள் கிணற்றில் மட்டும் அடியில் கொஞ்சம் கிடந்தது. அதைச் சேந்திச் சேந்தியே என் கை காய்த்துப் போயிருந்தது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து திரும்பினார். ஆப்பிரிக்காவில் லாரி ஓட்டியவர். வந்ததும் ஒரு வேலை ஆரம்பித்தார் பாருங்கள், எனக்கு வயிறு எரிந்தது! பொழுது சாய்ந்ததும் மாட்டுத் தொட்டியை நிரப்பி, வேலிப் படலைத் திறந்து வைத்துவிடுவார். மலையிறங்கி வரும் மான்களுக்காம்.

"ஏங்க, மனுசனுக்கே தண்ணியக் காணோம். மானுக்கு என்னாத்துக்குங்க?" என்று கத்தினேன்.

அதற்கு அவர் ஒரு கதை சொன்னார். ஆப்பிரிக்காவில் மாடு மேய்க்கிறவர்கள் காய்ந்த ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, பக்கத்தில் மண்ணால் தொட்டி கட்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்களாம். திரும்பும்போது தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் போவார்களாம். யானை, வரிக்குதிரை எல்லாம் வந்து குடிக்குமாம். அதே காட்டில் துரைமார்கள் தந்தத்துக்காக யானையைச் சுட்டுப் போட்டதையும் பார்த்தாராம். "ரெண்டையும் பாத்துட்டு வந்து சும்மா இருக்க முடியல" என்றார். மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். விருந்துக்குக் கெடா கொண்டு வருவதும் மாமன் பொறுப்பு. அந்தப் பஞ்சத்தில் அவனிடம் ஆடு ஏது? மான் சுட்டு உப்புக்கண்டம் போட்டு வைக்கலாம் என்று துப்பாக்கியோடு வந்து, வைக்கோல் போர் மறைவில் உட்கார்ந்தான். வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருந்ததால் அன்றைக்குத் தொட்டியை நிரப்பிப் படலைத் திறந்து வைத்தது நான்தான். எப்படியோ தண்ணீர் தண்டமாகவில்லை என்று எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

ஒரு பெண்மான் குட்டியோடு வந்தது. நான் சேந்திய தண்ணீரில் வாயை வைத்தது. அண்ணன் குறி பார்த்தான். எனக்கு என்ன ஆயிற்றோ, குறுக்கே போய் நின்றுவிட்டேன். மான்கள் ஓடிவிட்டன.

"அறிவிருக்கா உனக்கு? குண்டு உம்மேல பட்டிருந்தா?"

"என் வூட்ல தண்ணி குடிக்க வந்ததுண்ணா. குடிக்கறப்ப சுடறது என்னா பழக்கம்?"

"அப்ப காதுகுத்துக்கு அந்த மானையே மாமனா உக்கார வெச்சுக்க!" என்று விடுவிடுவென்று போய்விட்டான்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமன் இல்லாமல் காது குத்தினால் ஊரே சிரிக்குமே! ஆனால் காதுகுத்தன்று காலையில் அண்ணன் வந்தான். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான். கறியில்லாத விருந்தைச் சாப்பிட்டுக் கிளம்பியவன் தொட்டியை எட்டிப் பார்த்தான். வந்தவர்களின் வண்டி மாடுகள் குடித்துக் காலியாகக் கிடந்தது.

"பொழுது சாயப் போவுது, தொட்டி காஞ்சு கெடக்குது பாரு" என்று யாரிடமோ சொல்வது போல் சொல்லிவிட்டுப் போனான்.

ஆப்பிரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது; ஆனால் அங்கே யாரோ மிச்சம் வைத்த தண்ணீர் எங்கள் தொட்டிவரை வந்துவிட்டது, அது என்னோடு நின்றுபோகக் கூடாது என்றுதான் இன்றும் பொழுது சாய்ந்தால் ஒரு குடம் ஊற்றிவிட்டுப் படலைத் திறந்து வைக்கிறேன்.