முக்கால் மணி நேரக் கடல்

படகு கரையை விட்டு நகர்ந்ததும் தாட்சாயணி கண்களை இறுக மூடிக்கொள்வார். மடியில் தோசை மாவு வாளி. உதடுகள் மட்டும் அசையும். மந்திரம் சொல்கிறார் என்றுதான் பக்கத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். காதைக் கிட்டே கொண்டுபோனால், "நகரி... ஏகாம்பரகுப்பம்... புத்தூர்... வடமாலப்பேட்டை..." எல்லாம் ஊர் பஸ்ஸின் நிறுத்தங்கள். திருப்பதி வரும்போது கரையும் வந்துவிட வேண்டும். எதிர்க்காற்றில் படகு தாமதமானால் புத்தூரில் டீ குடிக்க பஸ்ஸை நிறுத்திவிடுவார்.

"தண்ணிய பாக்கக் கூடாது மேடம். நாம பாத்தா, அதுவும் நம்மள பாக்கும்" என்பார் என்னிடம்.

கரீபியன் கடலில் செயின்ட் கிட்ஸ், நீவிஸ் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தீவுகள். ஒரே நாடுதான், நடுவில் முக்கால் மணி நேரக் கடல். நம் ஊரில் டவுன் பஸ் ஏறுவதுபோல அங்கே படகு ஏறுகிறார்கள். வாத்தியார், வங்கி ஊழியர், சோடாப் பெட்டி, கோழிக்கூண்டு எல்லாம் ஒரே தளத்தில். இரண்டு தீவிலும் மருத்துவக் கல்லூரி உண்டு. சித்தூர், திருப்பதிப் பக்கத்துப் பிள்ளைகளும் நிறைய உண்டு. பெரிய தீவில் நான் பாடம் நடத்துகிறேன்.

தாட்சாயணிக்கு நகரியை ஒட்டிய கிராமம். கணவர் சம்பத்துக்கு விசைத்தறி. தறிக்கு வேலை குறைந்து, மகள் தரணி நர்சிங் படிக்க ஆசைப்பட்ட நேரத்தில், திருப்பதி விடுதி ஒன்றில் சமைத்துக்கொண்டிருந்த இவரை ஒரு டாக்டர் செயின்ட் கிட்ஸில் தாம் நடத்திய மாணவர் விடுதிக்கு அழைத்துவந்தார். அது 2007. எனக்கும் அங்கேதான் சாப்பாடு. ஐந்தடிகூட இல்லாத உருவம். பூப்போட்ட சேலைக்குக் கீழே ஓட்டக்காரர்கள் போடும் ஷூ. கோபம் தெலுங்கில் வரும், கொஞ்சல் தமிழில். மீன்காரியிடம் ஆங்கிலம்: "டுடே ஃபிஷ் நோ குட். டுமாரோ கம்." எப்போதும் மேகம் மூடிய நீவிஸ் சிகரத்துக்கு அவர் வைத்த பெயர் 'முக்காட்டுக்காரி'.

வந்த முதல் மூன்று வருஷம் அவர் படகில் ஏறவே இல்லை; தண்ணீர் என்றால் அவ்வளவு பயம். சின்னத் தீவின் பிள்ளைகளுக்கு ஊறுகாயும் பொடியும் படகு ஆட்களிடம் கொடுத்தனுப்புவார். அவ்வளவுதான்.

2010 அக்டோபரில் விடுதிக்கு ஒரு போன் வந்தது. கங்காதர நெல்லூரிலிருந்து ஓர் அம்மா. மகள் பத்மாவதி நீவிஸ் ஆஸ்பத்திரியில் டெங்குவோடு கிடக்கிறாள்; மூன்று நாளாக வாயில் ஒன்றும் வைக்கவில்லை; கூட யாருமில்லை. அன்றைக்குக் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மதியப் படகுதான் கடைசி, அப்புறம் எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். கஞ்சியை யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்றேன்.

தாட்சாயணி பிளாஸ்க்கைத் திருகி மூடினார். "கஞ்சிய குடுத்தனுப்பலாம் மேடம். பக்கத்துல குந்திக்கினு ஊட்றத யாருகிட்ட குடுத்தனுப்பறது?"

நானும் போனேன். பாதி வழியில் அலை தளத்தின் மேல் ஏறி அடித்தது. குடலே வெளியே வந்துவிடும்போல அவர் வாந்தியெடுத்தார். கேப்டன் டெஸ்மண்ட் ஆளனுப்பி அவருக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட்டார். பிளாஸ்க்கை மட்டும் கையை விட்டுப் பிரிக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் அவர் பஸ் நிறுத்தங்களைச் சொல்ல ஆரம்பித்தது. இடையில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "புத்தூரு தாண்டிட்டமா?" என்று கேட்டார். தாண்டிவிட்டோம் என்றேன். வேறென்ன சொல்வது?

ஆஸ்பத்திரியில் பத்மாவதி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். "எனக்கு படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஊருக்கே போறேன்."

"போலாம். யாரு வேணான்னது? இத துன்னுட்டு போலாம்" என்று சொல்லி தாட்சாயணி கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் நான்கு கரண்டி இறங்கியது.

இரண்டு நாள் படகு ஓடவில்லை. ஓட ஆரம்பித்த பிறகும் அவர் இரண்டு நாள் இருந்தார். நான்காம் நாள் அந்தப் பெண், "அக்கா, காரமா எதனா கீதா?" என்று கேட்டபோது, நர்சுகள் மொழி புரியாமலே கை தட்டினார்கள். பத்மாவதி இன்று சித்தூரில் டாக்டர்.

இரண்டு வருஷம் கழித்து விடுதியை மூடிவிட்டு டாக்டர் திருப்பதிக்குத் திரும்பினார். தாட்சாயணிக்கும் டிக்கெட் போட்டிருந்தார். "போதும், வந்துடு" என்றார் சம்பத் போனில். ஒரு வாரம் டைம் கேட்டுவிட்டு, இவர் நேரே டெஸ்மண்டிடம் போய் நின்றார். நீவிஸ் படகுத்துறையில் அவருடைய தங்கையின் பலகாரக்கடை பூட்டிக் கிடந்தது. "ஷாப் ஓப்பன். ஐ குக்." கடை நடத்த அனுமதி கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. மனுவில் படகுப் பயணிகள் எண்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள்; அதில் பாதிப்பேர் அதுவரை தோசையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இப்போது நீவிஸ் கடையில் காலையில் இட்லி தோசை, மதியம் மீன் குழம்பும் சீமைப்பலாப் பொரியலும். சனிக்கிழமை படகேறி வந்து பெரிய தீவுப் பிள்ளைகளுக்கு மாவு. தரணி திருப்பதியில் நர்ஸ் ஆகிவிட்டாள். தறியை விற்றுவிட்டு, போன மாதம் சம்பத் முதல் தடவையாக வந்தார்.

"கடைய மூட முடியாது மேடம். நீங்களே இட்டாந்துடுங்க" என்று தாட்சாயணி சொன்னதால், விமான நிலையத்துக்கு நான் போனேன். படகில் சம்பத் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவ பஸ்ஸுலயே ஜன்னலோரம் குந்தமாட்டா மேடம். இதுல எப்பிடி போய்க்கினு வந்துக்கினு கீறா?"

நீவிஸ் துறை நெருங்கியது. மேடையின் விளிம்பில், இடுப்பில் துண்டோடு தாட்சாயணி நின்றிருந்தார். படகுக்காரர் கயிற்றைச் சுழற்றி வீசினார். தாட்சாயணி ஓரெட்டு முன்னால் வந்து அதைப் பிடித்தார். இரும்பு முளையில் இரண்டு சுற்றுச் சுற்றி, உடம்பைச் சாய்த்து இழுத்தார். படகு முனகிக்கொண்டு கரையோடு ஒட்டியது. முடிச்சை ஒருமுறை உலுக்கிப் பார்த்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்த பிறகுதான், தலையை நிமிர்த்திக் கூட்டத்தில் புருஷனைத் தேடினார்.