வலமிருந்து நடப்பவள்

பென்சிலால் ஒரு வட்டம் போடுவாள். அதற்குக் கீழே இரண்டு கோடு, கோட்டு நுனிகளில் இரண்டு வட்டம், அவற்றுக்கும் கீழே இன்னும். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் எண். அல்லாஹ் படைத்த மரங்களுக்கு வேர் மண்ணில். இக்லாஸின் மரத்துக்கு வேர் உச்சியில்.

அம்மானில், பலபேர் வாடகைக்கு மேசை பிடித்துக் கணினி வேலை பார்க்கும் கூடத்தில் நான் தேநீர் போடுகிறவன். அவள் ஸர்காவிலிருந்து பஸ்ஸில் வருவாள். மரமிய்யா இலை போட்ட தேநீர், மூன்று கரண்டி சர்க்கரை. ஆறிய பிறகுதான் குடிப்பாள். கணக்கு சூடுபிடித்தால் செருப்பை உதறிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டுவிடுவாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்போடு சரி. "இது என்ன வேலைம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மரத்துக்குள்ள நடக்குறதுதான் சாச்சா. சின்ன எண்ணெல்லாம் இடப்பக்கம், பெருசெல்லாம் வலப்பக்கம். முதல்ல இடது, பொறவு நடு, பொறவு வலது. அப்படி நடந்தா சின்னதுலேருந்து வரிசையா வந்து நிக்கும்."

வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியாது. அரபியை வலமிருந்து எழுதிப் பழகிய கை. பென்சில் தானாக வலக்கிளைக்குப் போய்விடும். ரமலானுக்கு முன் ஒரு நேர்காணலில் அப்படித்தான் வரிசையைத் தலைகீழாகச் சொல்லி, வரவேண்டிய வேலையை விட்டாள்.

பக்கத்து மேசை ஹுதைஃபா சும்மா இருப்பானா. "இடது கைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல ஸர்காலயே விட்டுட்டு வந்துட்டியா?"

"இருக்கு. உன் வாயைப் பொத்தத்தான் வச்சிருக்கேன்."

போன செவ்வாய்க்கிழமை திரையில் இன்னொரு நேர்காணல். இதுவும் போனால் மேசையை விட்டுவிட்டு அண்ணனின் மருந்துக்கடையில் நிற்பதாக வீட்டில் பேச்சு. முப்பது வட்டம் கொண்ட மரத்தைக் காட்டி, மூன்றாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னார் திரையில் இருந்தவர்.

"இடதுலேருந்து எல்லாத்தையும் வரிசைப்படுத்திட்டு, கடைசிலேருந்து மூணு எண்ணணும்" என்று ஹுதைஃபா என் காதில் சொன்னான்.

அவள் மரத்தைத் தாளில் வரைந்துகொண்டாள். பென்சில் வலக்கிளைக்குப் போயிற்று. அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். என் உதடு துஆ ஓதியது. பென்சில் வலக்கோடிவரை இறங்கி, ஒன்று என்று நின்றது. ஏறி, இரண்டு. இன்னொரு கிளையில் இறங்கி, மூன்று.

"கெடச்சிருச்சு. மிச்ச மரத்தைத் தொடவே வேணாம்" என்றாள்.

திரையில் இருந்தவர் விடையைச் சரிபார்த்தார். பிறகு, "வாரம் தொடங்குற ஞாயித்துக்கிழமையே வேலைக்கு வர முடியுமா?" என்றார்.

சுப்ஹானல்லாஹ். அந்தக் கைக்கு அந்த வழியைப் போட்டவனை என்னவென்று புகழ்வது.

ஹுதைஃபா இனிப்பு எங்கே என்று கேட்டான். "இரு" என்றவள், திரை அணைந்த பிறகும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. மூன்றாவதில் நின்ற இடத்திலிருந்து, இடக்கோடியில் கிடந்த ஆகச் சின்ன எண்வரை, ஒவ்வொரு வட்டமாக நுனியால் தொட்டுக்கொண்டே போனாள்.